சிபில் அடிவாங்கியிருக்கிறதா? வீட்டுக்கடன் கேட்கும்முன் இதையெல்லாம் செய்துவிடாதீர்கள்

என் மச்சான் வீடு பார்த்து, ஒப்பந்தம் போட்டு, இரண்டு லட்சம் முன்பணமும் கொடுத்துவிட்டுத்தான் வங்கிப் படியேறினார். 'சிபில் சரியில்லை' என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. நாம் கடனைக் கட்டிய கதையைப் பதிந்துவைத்து, அதற்கு மதிப்பெண் (ஸ்கோர்) போடும் நிறுவனம்தான் சிபில்; அந்த மதிப்பெண்ணையும் அதே பெயரில்தான் சொல்கிறார்கள். அறிக்கையை எடுத்துப் பார்த்தால், ஐந்து வருடத்துக்கு முன் கட்டாமல் விட்ட ஒரு கிரெடிட் கார்டு. பாக்கி பதினோராயிரம். வசூல் ஆள் போனில், "சார், ஐயாயிரம் கட்டிடுங்க, முடிச்சுக்கலாம்" என்றிருக்கிறார். இவரும் கட்டிவிட்டு மறந்துவிட்டார். அந்தக் கணக்குக்கு நேரே 'செட்டில்டு' என்று இருக்கிறது.

நம் ஆட்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். 'செட்டில்டு' என்றால் வங்கிக்காரர் கண்ணுக்கு, வாங்கியதை முழுசாகத் திருப்பித் தராதவர் என்று அர்த்தம். 'க்ளோஸ்டு' என்று இருக்க வேண்டும். மீதியையும் கட்டி, பாக்கி இல்லை என்ற சான்றிதழை வாங்கி, பதிவை மாற்றும்படி அந்த வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள். பதிவில் தப்பு இருந்தால் சிபில் தளத்திலேயே புகார் போடலாம், காசு கிடையாது. 30 நாளுக்குள் தீராவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது. கடன் கொடுத்தவர் ஒப்புக்கொள்ளாமல் பதிவு மாறாது. அதனால் 'பத்தே நாளில் ஸ்கோரை ஏற்றித் தருகிறோம்' என்பவரிடம் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்தது, ஒரு வங்கி மறுத்ததும் ஆத்திரத்தில் அதே வாரத்தில் ஐந்து இடத்தில் விண்ணப்பிப்பது. ஒவ்வொரு விண்ணப்பமும் விசாரணையாகப் பதிவாகும். ஸ்கோர் இன்னும் இறங்கும். நீங்களே பார்த்துக்கொண்டால் இறங்காது. சிபில், அதே வேலையைச் செய்யும் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தந்தாக வேண்டும். 300 முதல் 900 வரையான அந்த எண்ணில் 750-க்கு மேல் இருந்தால் பொதுவாகப் பேச்சு சுலபம். ஆனால் எண்ணை மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள். கணக்கு கணக்காகப் படியுங்கள். நண்பருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்தும் அங்கே இருக்கும். தள்ளுபடி வரும் வரும் என்று மகன் கட்டாமல் விட்ட கல்விக்கடனும் இருக்கும். கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்ட அப்பாவின் ஸ்கோரையும் அது சேர்த்தே இழுக்கும்.

மனைவிக்கு நல்ல ஸ்கோர், அவரையும் சேர்த்துக்கொண்டால் போதும் என்பார்கள். பத்திரம் இருவர் பெயரிலும் என்றால் வங்கிகள் பெரும்பாலும் இருவரையும் விண்ணப்பதாரராகக் கேட்கும், இருவர் அறிக்கையையும் பார்க்கும். மனைவியின் சம்பளமே கடனுக்குப் போதும் என்றால், பத்திரத்தையும் கடனையும் அவர் பெயரிலேயே வைப்பது உத்தமம். இதில் சில ஆண்களுக்குக் கௌரவம் இடிக்கும். அது வங்கியின் பிரச்சினை இல்லை.

வங்கி மறுத்தாலும் வீட்டுவசதி நிதி நிறுவனம் கொடுக்கக்கூடும், வட்டி கூடுதலாக. 30 லட்சத்துக்கு 20 வருடம் என்றால் 8.5 சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 26,035 ரூபாய், 9.5 சதவீதத்தில் 27,964. முழுக் காலத்துக்கும் வித்தியாசம் நாலரை லட்சத்துக்கு மேல். அவசரம் இல்லையென்றால் ஒரு வருடம் பொறுத்து, கார்டு, நகைக்கடன் எல்லாவற்றையும் தேதி தவறாமல் கட்டி, ஸ்கோரைத் தேற்றிக்கொண்டு போகலாம். பொறுக்க முடியாதென்றால் மாறும் வட்டியில் வாங்குங்கள். தனிநபரின் அந்த வகை வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது என்பதால், ஸ்கோர் தேறியதும் வேறு வங்கிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

முன்பணம் விஷயம். 'கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திருப்பித் தரப்படும்' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். என் மச்சான் சொல்லவில்லை. வீட்டுக்காரர் இளகின மனசுக்காரர், ஒரு லட்சத்தைத் திருப்பிக் கொடுத்தார்.