பழைய பயிற்சி விமானத்தைக் காலையில் எழுப்புவது எப்படி: முதல்முறை கை வைப்பவர்களுக்கு

சனிக்கிழமை காலை சிங்கப்பூரின் சிலேத்தார் விமான நிலையத்தில் இருக்கும் எங்கள் ஹேங்கருக்கு உதவிக்கு வரும் தம்பிகள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, எப்ப ஸ்டார்ட் பண்ணலாம்?" அவர்களுக்கு ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லிக்கொண்டிருப்பதை இந்த முறை எழுதிவிடுகிறேன். ஸ்டார்ட் செய்வது நான்காவது படி. அதற்கு முன்னால் உள்ள மூன்று படிகளில்தான் எஞ்சின் பிழைப்பதும் கெடுவதும் முடிவாகிறது.

நாங்கள் மூன்று பேர் பங்கு போட்டு வைத்திருப்பது ஒரு நான்சாங் சிஜே-6ஏ. சீன ஆகாயப்படை விமானிகளைப் பழக்குவதற்காகச் செய்த, முன்னும் பின்னுமாக இரண்டு பேர் உட்காரும் விமானம். இதன் முதல் மாதிரி பறந்தது 1958இல். மூக்கில் வட்டமாக ஒன்பது சிலிண்டர்கள், 285 குதிரைசக்தி. இலங்கை விமானப்படையும் திருகோணமலை சீனன்குடாவில் இதே வகையை பிடி-6 என்ற பெயரில் பயிற்சிக்கு வைத்திருக்கிறது. சோவியத் பயிற்சி விமானமான யாக்-52 வைத்திருப்பவர்களுக்கும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். இரண்டுக்கும் எஞ்சின் வழியில் ஒரே மூதாதைதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பார்ப்பது, துடைப்பது, அளப்பது, எழுதிவைப்பது ஆகியவற்றை நீங்கள் செய்யலாம். பழுது பார்த்து, "இது பறக்கலாம்" என்று கையெழுத்துப் போடுவது உரிமம் பெற்ற பொறியாளரின் வேலை. நான் சொல்வதும் விமானத்தின் கையேடு சொல்வதும் வேறுபட்டால் கையேட்டையே நம்புங்கள்.

படி 1: தொடாமல் ஒரு சுற்று

டார்ச்சை எடுத்துக்கொண்டு விமானத்தைச் சுற்றி வாருங்கள். கை பின்னால் இருக்கட்டும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை இருக்கிறதா? ப்ளக்குகளுக்கு மின்பொறி கொடுக்கும் மேக்னெட்டோவின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா? எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் எவ்வளவு சொட்டியிருக்கிறது? இந்த வகை எஞ்சின் எண்ணெய் சொட்டுவது இயல்பு, அதற்காகப் பதற வேண்டாம். போன வாரம் உள்ளங்கை அளவு இருந்த கறை இந்த வாரம் சாப்பாட்டுத் தட்டு அளவு ஆகியிருந்தால்தான் விஷயம். அதனால்தான் தரையில் அட்டையை விரித்து, அதில் தேதி எழுதி வைக்கிறோம்.

அப்புறம் குளவி. காற்று வேகத்தை அளக்கும் பிட்டோ குழாயின் துளை, குளவி கூடு கட்டுவதற்கென்றே செய்துவைத்த மாதிரி இருக்கும். உறையை மாட்ட மறந்தால் ஓரிரு நாளிலேயே மண் அடைத்துவிடும். ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது வேகமானி அசையாமல் நிற்பதைப் பார்த்துத்தான் விமானி அதைத் தெரிந்துகொள்வார். மைனா வேறு. எஞ்சினை மூடியிருக்கும் கவுலிங்குக்குள் இரண்டு காய்ந்த புல்லைப் பார்த்தாலும் விடாதீர்கள், உள்ளே கூடு இருக்கும். சூடான எஞ்சின் மேல் காய்ந்த புல் என்றால் தீதான்.

படி 2: ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றுவது

இந்தக் கட்டுரையில் ஒரு பத்தியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது சிலிண்டரும் வட்டமாக, நாற்பது பாகைக்கு ஒன்றாக நிற்கின்றன. முதல் சிலிண்டர் உச்சியில் இருப்பதால் 4, 5, 6, 7 ஆகியவை தலைகீழாகக் கீழ்நோக்கி இருக்கும். விமானம் சும்மா நிற்கும் நாட்களில் எண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி மெல்ல மெல்லக் கசிந்து இந்தக் கீழ் சிலிண்டர்களுக்குள் தேங்கும். காற்றை அழுத்தலாம், எண்ணெயை அழுத்த முடியாது. உள்ளே எண்ணெய் நிறைந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் சுவரில் மோதின மாதிரி நிற்கும், அதைத் தள்ளும் கம்பி வளையும். அன்றைக்கே உடைந்தால்கூடப் பரவாயில்லை, தரையில்தான் இருப்போம். இலேசாக வளைந்து, பத்து மணி நேரம் கழித்து ஜோகூர் நீரிணைக்கு மேலே உடைந்தால் என்ன செய்வது?

அதனால் ஒவ்வொரு நாளும் முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னால் கையால் சுற்ற வேண்டும். மேக்னெட்டோ அணைந்திருப்பதை விமானி அறையில் இருப்பவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், நீங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். ஸ்டார்ட்டருக்குப் போகும் காற்று வால்வும் மூடியிருக்க வேண்டும். அவ்வளவு பார்த்த பிறகும், எந்த நொடியும் எஞ்சின் பற்றிக்கொள்ளும் என்று நினைத்துக்கொண்டே நில்லுங்கள். மேக்னெட்டோவின் தரைக் கம்பி அறுந்திருந்தால் சுவிட்ச் அணைந்திருந்தும் அது உயிரோடுதான் இருக்கும். தோளில் பை, கழுத்தில் அடையாள அட்டை எதுவும் தொங்கக் கூடாது.

விமானத்துக்கு முன்னால் நின்று பார்த்தால் இந்த ப்ரொப்பெல்லர் கடிகார முள் போகும் திசையில் சுற்றும். அமெரிக்க விமானத்தில் பழகியவர்களுக்கு இது தலைகீழ், கவனம். அந்தத் திசையில் மட்டும், மெதுவாக, எட்டு பிளேடாவது உங்களைக் கடக்கும் வரை எண்ணிச் சுற்றுங்கள். ஒவ்வொரு அழுத்தத்திலும் மெத்தையைத் தள்ளுவது போன்ற எதிர்ப்பு தெரியும், பிறகு இளகும். அது நல்லது. கல்லில் முட்டியது போலச் சட்டென்று நின்றால் கையை எடுத்துவிடுங்கள்.

போன வருஷம் தேசிய சேவை முடித்து வந்த ஒரு தம்பி சுற்றிக்கொண்டிருந்தார். ஐந்தாவது பிளேடில் நின்றது. "அண்ணே, கொஞ்சம் இறுக்கமா இருக்கு, அழுத்திப் பார்க்கட்டுமா?" என்றார். கேட்டாரே, அதற்கே அவருக்கு நன்றி சொன்னேன். கீழ் சிலிண்டர்களின் ப்ளக்குகளைக் கழற்றினோம். ஆறாவதிலிருந்து ஒரு தேநீர்க் கோப்பை அளவு எண்ணெய் ஒழுகியது.

இந்த இடத்தில் பலர் செய்யும் தவறு, ப்ரொப்பெல்லரைப் பின்பக்கமாகத் திருப்புவது. திருப்பினால் இறுக்கம் போய்விடும், பிரச்சினை தீர்ந்தது போலத் தெரியும். உண்மையில் அந்த எண்ணெய் உள்ளிழுக்கும் குழாய்க்குள் போய் ஒளிந்திருக்கிறது. எஞ்சின் பற்றிக்கொண்டதும் திரும்ப உறிஞ்சப்பட்டு, இம்முறை முழு வேகத்தில் மோதும். பின்னால் திருப்பவே கூடாது. ப்ளக்கைக் கழற்றி, வடியவிட்டு, மறுபடி முன்பக்கமாகச் சுற்றிப் பார்ப்பதுதான் ஒரே வழி.

படி 3: காற்று

காரில் பேட்டரி எப்படியோ, இந்த விமானத்தில் அழுத்தக் காற்று அப்படி. ஸ்டார்ட் செய்வது, சக்கரத்தை மடக்குவது, ஃப்ளாப், பிரேக் எல்லாம் காற்றால்தான். மானியில் சதுர சென்டிமீட்டருக்கு 50 கிலோ என்பது நிறைந்த நிலை.

நம் ஊரில் தொல்லை இந்தக் காற்றில் இருக்கும் நீர். 30 பாகை வெப்பத்தில் ஈரம் நிறைந்த ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 30 கிராம் நீராவி இருக்கும். சிங்கப்பூரில் சாதாரண நாளிலேயே அதில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் உண்டு. 10 லிட்டர் குப்பியை 50 அளவுக்கு நிரப்ப, வெளியிலிருந்து ஏறக்குறைய 500 லிட்டர் காற்றை உள்ளே திணிக்கிறோம். கணக்குப் போட்டால் ஒவ்வொரு நிரப்பலிலும் இரண்டு தேக்கரண்டிக்கு மேல் தண்ணீர். அது குப்பிக்குள் துருவாகும், வால்வில் சேறாகும், பிரேக் குழாயில் போய் நிற்கும். ஆகவே நீர் பிரிப்பியின் வடிகாலை ஒவ்வொரு பறத்தலுக்குப் பிறகும் திறந்துவிட வேண்டும், அழுத்தம் இருக்கும்போதே. பழுப்பு நிறத்தில், கொழகொழவென்று வருவது இயல்பு. ஒன்றுமே வராவிட்டால் சந்தோஷப்படாதீர்கள், பெரும்பாலும் வடிகால் அடைத்திருக்கும்.

காற்று இறங்குகிறது என்றால் எந்த உறுப்பையும் மாற்றாதீர்கள். முதலில் கசிவு எந்தப் பக்கம் என்று பிரியுங்கள். மாலையில் அழுத்தத்தை எழுதிவிட்டு, குப்பியின் வால்வை மூடிவிட்டுப் போங்கள். காலையில் திறக்கும்போது மானி அதே இடத்துக்கு ஏறினால் குப்பியும் வால்வும் சரி, கசிவு அதற்கு அப்பால் இருக்கிறது. ஏறாவிட்டால் குப்பிப் பக்கமே கோளாறு. பிறகு சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவுங்கள். ஹேங்கரில் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தாலே பாதிக் கசிவு பிடிபடும். எங்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் காய்ந்துபோன ரப்பர் வளையங்கள்தான்.

சோதிக்கிறேன் என்று சக்கர நெம்புகோலை மட்டும் தொட வேண்டாம். விமானம் ஜாக்கியில் இல்லாதபோது யாருக்கும் அதில் வேலையில்லை.

படி 4: ஸ்டார்ட், அது பற்றாவிட்டால்

தீயணைப்பானோடு ஒருவர் பக்கவாட்டில் நிற்க வேண்டும். "ப்ரொப் கிளியர்" என்று கத்தி, பதில் வந்த பிறகுதான் காற்று.

சுற்றவே இல்லை அல்லது சோம்பிச் சோம்பிச் சுற்றுகிறது என்றால் காற்று போதவில்லை, படி 3க்குத் திரும்புங்கள். நன்றாகச் சுற்றியும் ஒரு சிலிண்டர்கூட வெடிக்கவில்லை என்றால் பெட்ரோல் போகவில்லை அல்லது பொறி இல்லை. கை பம்பால் ப்ரைம் செய்யும்போது, அதாவது ஸ்டார்ட்டுக்கு முன் எஞ்சினுக்குள் பெட்ரோலைச் செலுத்தும்போது, எதிர்ப்பு தெரிந்ததா என்று யோசியுங்கள். தெரியவில்லை என்றால் பம்ப் வெற்றுக் காற்றைத் தள்ளியிருக்கிறது. எதிர்ப்பு இருந்தும் பற்றவில்லை என்றால், ஸ்டார்ட் நேரத்தில் பொறி கொடுக்கும் பூஸ்டர் காயிலைப் பொறியாளரிடம் சோதிக்கச் சொல்லுங்கள். ஈரம் நிறைந்த காலையில் முதலில் படுப்பது அதுதான். இரண்டு முறை வெடித்து அணைகிறது என்றால் ப்ரைம் குறைவு. நம் வெயிலில் குளிர்நாட்டுக் குறிப்புகளில் எழுதியிருக்கும் அளவு வேண்டியதில்லை. அதிகமாகப் பம்ப் அடித்தால் பெட்ரோல் கீழே வடிந்து தீப்பிடிக்கும். தரையில் ஈரத்தைப் பார்த்தால் நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். காற்று மிச்சம் இருக்கிறதே என்று மறுபடி மறுபடி முயல வேண்டாம்.

படி 5: ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை

சூடேறிய பிறகு இரண்டு மேக்னெட்டோவையும் தனித்தனியாகச் சோதிப்பார்கள். சிலிண்டருக்கு இரண்டு ப்ளக், மொத்தம் பதினெட்டு. ஒரு மேக்னெட்டோ முன்வரிசைக்கு, இன்னொன்று பின்வரிசைக்கு. ஒன்றில் மட்டும் வேகம் அதிகமாக விழுந்து எஞ்சின் குலுங்கினால், அந்த வரிசையின் ஒன்பதில் ஏதோ ஒன்று தூங்குகிறது. எது?

குளிர்ந்த சிலிண்டரைத் தேடும் வழி எனக்கு ரொம்பப் பிடித்தது, ஒரு உறுப்பையும் கழற்றாமல் எஞ்சினையே பேசவைக்கும் வழி. விமானி கோளாறான மேக்னெட்டோவில் மட்டும் சிறிது நேரம் ஓட்டி, அப்படியே அணைப்பார். ப்ரொப்பெல்லர் நின்று, சுவிட்சுகள் அணைந்து, விமானி கையைக் காட்டிய பிறகு, அகச்சிவப்பு வெப்பமானியோடு ஓடிப்போய் ஒவ்வொரு புகைக்குழாயின் அடியையும் அளக்க வேண்டும். கோவிட் காலத்தில் நெற்றியில் காட்டினார்களே, அதே மாதிரிதான். ஆனால் தொழிற்சாலை வகை வேண்டும், நெற்றிக்கானது இந்தச் சூட்டைக் காட்டாது. எட்டுக் குழாய் கொதிக்கும், ஒன்று மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும்.

அந்தச் சிலிண்டரின் ப்ளக்கைப் பக்கத்துச் சிலிண்டரின் ப்ளக்கோடு இடம் மாற்றி, மறுபடி ஓட்டிப் பாருங்கள். கோளாறு ப்ளக்கோடு நகர்ந்தால் ப்ளக்தான் காரணம். பழைய சிலிண்டரிலேயே நின்றால் கம்பியைப் பாருங்கள். எங்கள் விமானத்தில் ஒருமுறை நான்காவது சிலிண்டர் இப்படிச் செத்தது. ப்ளக்கை மாற்றினோம், நகரவில்லை. முந்தின வாரம் நான்தான் குழாய்த் தண்ணீரை எஞ்சின் பக்கம் பீய்ச்சிக் கழுவியிருந்தேன். கம்பியின் முனையைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஈரம். உலர்த்தி மாட்டியதும் சரியாகிவிட்டது. ஒரு உறுப்பும் வாங்கவில்லை. அதற்குப் பிறகு எஞ்சினைத் துணியால்தான் துடைக்கிறேன்.

ப்ளக்கும் கம்பியும் நன்றாக இருந்தால் அடுத்தது கம்ப்ரஷன் சோதனை. அது பொறியாளர் வேலை, ஆனாலும் பக்கத்தில் இருந்து கேளுங்கள். சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்தும்போது புகைக்குழாயில் சீறினால் வெளியேற்று வால்வு, உள்ளிழுக்கும் குழாயில் சீறினால் இன்னொரு வால்வு, எண்ணெய் மூச்சுக்குழாயில் சீறினால் பிஸ்டன் வளையம்.

நிற்கும் விமானம்

பறக்காத மாதங்களில் "அஞ்சு நிமிஷம் ஓட்டி வைப்போம்" என்று சொல்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். தரையில் கொஞ்ச நேரம் ஓடும் எஞ்சினில் எண்ணெய் போதிய அளவு சூடாகாது. எரிந்ததில் உண்டான நீர் எண்ணெயிலேயே தங்கி அமிலமாகும், உள்ளே துரு பிடிக்கும். அரை மணி நேரமாவது பறக்கட்டும், இல்லாவிட்டால் நிற்கட்டும். நீண்ட நாள் நிற்கப்போகிறது என்றால் ஈரம் உறிஞ்சும் ப்ளக்குகளை மாட்டச் சொல்லுங்கள். அதில் இருக்கும் நீலக் குருணை இளஞ்சிவப்பானால் மாற்ற வேண்டும்.

எண்ணெயை நாங்கள் 25 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம், பறக்காவிட்டாலும் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. வடிகட்டி வலையில் மின்னும் துகள் இருந்தால் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் எஃகு, அன்றைக்குப் பறத்தல் இல்லை, பொறியாளரைக் கூப்பிடுங்கள். ஒட்டாவிட்டாலும் ஒரு சிறு டப்பாவில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள்.

விமானத்தின் உடம்பில் உப்புக் காற்றின் வேலையை ஆணித் தலைகளைச் சுற்றித் தேடுங்கள். பெயின்ட் கொப்பளம் போல எழும்பியிருந்தால் அடியில் அலுமினியம் வெள்ளைத் தூளாகிக்கொண்டிருக்கும். வயிற்றுப் பக்கத்து வடிகால் துளைகளை மெல்லிய குச்சியால் திறந்துவிடுங்கள். கட்டுப்பாட்டுக் கேபிள்களை ஒரு பருத்தித் துணியால் பிடித்து உருவினால், அறுந்த இழை துணியில் மாட்டும். வெறும் விரலால் உருவாதீர்கள்.

எங்கள் விமானி அறையில் எழுத்தெல்லாம் சீனம். பங்காளிகளில் ஒருவர் படித்துச் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு சுவிட்சுக்கும் நான் தமிழில் எழுதிய நோட்டு ஒன்று ஹேங்கர் மேசையில் இருக்கிறது. கடைசிப் பக்கங்களில்தான் வாராந்தரக் கணக்கு: எத்தனை லிட்டர் எண்ணெய் ஊற்றினோம், எந்த பிளேடில் இறுக்கமாக இருந்தது, மாலையில் காற்று எவ்வளவு. புதிதாக வருபவர்கள் முதல் சனிக்கிழமை அதைத்தான் எழுத வேண்டும். வடிகாலைத் திறந்து, தண்ணீர் போன பிறகு குப்பி வால்வை மூடி, அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வெளியே வருவதற்கு முன்னால் பிட்டோவுக்கு உறை மாட்டிவிடுங்கள்.