மருத்துவ அறமும் அடையாளமும் மோதும் நாடகத்தை இயக்குவது எப்படி

இத்தகைய நாடகத்தை மேடையேற்ற விரும்பும் இயக்குநர் முதலில் இரண்டு பிரதிகளை அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். ஒன்று, ஆஸ்திரிய எழுத்தாளர் ஆர்தர் ஷ்னிட்ஸ்லர் எழுதி 1912இல் பெர்லினில் அரங்கேறிய ‘பேராசிரியர் பெர்ன்ஹார்டி’. வியன்னாவில் அதற்கு 1918 வரை தடை இருந்தது. மற்றொன்று, அதைத் தழுவி ஆங்கில நாடக இயக்குநர் ராபர்ட் ஐக் எழுதி, 2019இல் லண்டன் அல்மெய்டா அரங்கில் இயக்கிய ‘தி டாக்டர்’. கருக்கலைப்புக்குப் பின் நச்சுத்தொற்றால் இறந்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணிடம் செல்லவிடாமல், அவளுக்கு இறுதிச் சடங்கு செய்ய வந்த கத்தோலிக்கப் பாதிரியாரை யூத மருத்துவர் தடுத்துவிடுவதே இரண்டிலும் மையம்.

ஒத்திகையின் முதல் வாரத்தை இன, மத அடையாளத்துக்குக் கொடுக்காதீர்கள். நோயாளியின் அறையில் நடந்ததற்குக் கொடுங்கள். ஷ்னிட்ஸ்லரின் நாடகத்தில் அந்தப் பெண் தான் பிழைத்துவிட்டதாகவே நம்பி மகிழ்ந்திருக்கிறாள். பாதிரியாரைக் கண்டால் அந்த நம்பிக்கை உடையும் என்பதே மருத்துவரின் வாதம். ஆனால் அவளுடைய விருப்பம் என்னவென்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. யாருக்கு எந்த நொடியில் என்ன தெரிந்திருந்தது என்று நடிகர்கள் அனைவரும் சேர்ந்து ஒரு காலவரிசை எழுதட்டும். பாதிரியார் வந்திருப்பதைச் செவிலியே அவளிடம் சொல்லிவிடுகிறார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதை மறந்தால், பாதிரியாரைத் தடுத்ததற்காக மருத்துவர்மீது பின்னர் வரும் வழக்கு முழுவதும் தவறாகப் புரியும். ஷ்னிட்ஸ்லரே மருத்துவர் என்பதால் இவ்விவரங்களை அவர் அலங்காரத்துக்காக எழுதவில்லை என்று உறுதியாக நம்புகிறேன்.

பாத்திரத் தேர்வு அடுத்தது. ஐக், வெள்ளையர் ஒருவரைப் பாதிரியாராக நடிக்கவைத்துவிட்டு, அப்பாத்திரம் கறுப்பினத்தவர் என்பதை நாடகம் நகர்ந்த பிறகே வசனத்தின் வழியாகத் தெரியவிடுகிறார். பார்வையாளர் தாம் முன்பே எழுதிவைத்த தீர்ப்பைத் திருப்பிப் பார்க்க நேர்கிறது. இந்த உத்தியைக் கையாள்வதென்றால், பாத்திரங்களின் இனத்தையோ மதத்தையோ நிகழ்ச்சிக் குறிப்பில் அச்சிட வேண்டாம். ஒத்திகையில் நடிகர்களை மாற்றி மாற்றி அதே காட்சியை நடிக்கவைத்து, உங்கள் மனச்சாய்வு எங்கே நகர்கிறது என்று கவனியுங்கள். அந்த நகர்வுதான் நீங்கள் மேடைக்குக் கொண்டுவர வேண்டியது.

ஐக்கின் பிரதியில் மருத்துவரைத் தொலைக்காட்சியில் பலர் விசாரிக்கும் காட்சி மிகவும் ஆபத்தானது. கேள்வி கேட்பவர்களைக் கோமாளிகளாக்கினால் மருத்துவர் எளிதாகத் தியாகியாகிவிடுவார். நாடகம் அங்கேயே இறந்துவிடும். அவர்கள் ஒவ்வொருவருக்கும் மறுக்க முடியாத ஒரு காயம் இருப்பதை நடிகர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அடையாளத்தைக் கடந்தவராகத் தம்மைக் கருதும் மருத்துவரின் பெருமிதமும் அக்காட்சியில் வெளிப்பட வேண்டும்.

ஷ்னிட்ஸ்லரின் நான்காம் அங்கத்தில், வழக்கில் தண்டிக்கப்பட்ட மருத்துவரைப் பாதிரியார் தேடிவந்து, மருத்துவராக அவர் செய்தது சரியே என்று தனிமையில் ஒப்புக்கொள்கிறார். அதை நீதிமன்றத்தில் சொல்ல அவரால் முடியவில்லை. முதல் வாரம் முடிந்து காட்சிகளை நடித்துப் பார்க்கும்போது, நான் இந்தக் காட்சியிலிருந்தே தொடங்குவேன். இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, யார் முதலில் எழுந்து நிற்கிறார் என்பதை மட்டும் அந்த முதல் நாளில் முடிவு செய்யுங்கள்.