தங்கச் சுரங்கப் பங்கு வாங்கும் முன்: மாதிரிப் பை யார் கையில் இருந்தது?

தங்கம் விலை ஏறும்போதெல்லாம், தங்கம் தேடும் சிறு நிறுவனங்களின் பங்குகளை வாங்க ஒரு புதிய கூட்டம் வருகிறது. இளைஞர்கள் சிலர் அந்த நிறுவனங்களின் அறிவிப்புகளை எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கிறார்கள். நாங்கள் அந்தக் காலத்தில் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் இவர்களும் நிற்கிறார்கள். அந்தத் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். கடன் வாங்கி முதலீடு செய்யாதீர்கள், எல்லாப் பணத்தையும் ஒரே பங்கில் போடாதீர்கள் என்பதெல்லாம் யாருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

வளத்தை இருப்பாகப் படிப்பது

கனிம வளம் வேறு, இருப்பு வேறு. வளத்திலேயே மூன்று படிகள் உண்டு: ஊகிக்கப்பட்டது, சுட்டிக்காட்டப்பட்டது, அளவிடப்பட்டது. ஊகிக்கப்பட்ட வளம் என்பது, தங்கம் தேடித் தரையில் இடைவெளி விட்டுப் போட்ட சில துளைகளை வைத்து நடுவில் இருப்பதை மதிப்பிடுவது மட்டுமே. வெட்டி எடுத்தால் லாபம் கிடைக்கும் என்று பொறியியல் கணக்கும் செலவுக் கணக்கும் காட்டிய பிறகே அது இருப்பாகும். அறிவிப்பில் உள்ள அவுன்ஸ்களை அன்றைய தங்க விலையால் பெருக்கிப் பார்த்துவிட்டு, ‘பங்கு மலிவாக இருக்கிறது’ என்று தயவுசெய்து எனக்கு எழுதாதீர்கள்.

ஒற்றைத் துளையைக் கொண்டாடுவது

ஒரு டன் பாறைக்கு 40 கிராம் தங்கம் என்று அறிவிப்பின் தலைப்பு சொல்லும். அந்த அளவு துளையில் எத்தனை மீட்டர் நீளத்துக்கு வந்தது என்று பாருங்கள்.

‘ஆய்வகமே சொல்லிவிட்டது’ என்று நிம்மதி அடைவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னைக் கோபப்படுத்தும் தவறு இதுதான். அண்மையில் ஒருவர் தான் வாங்கப்போகும் நிறுவனத்தின் சோதனைச் சான்றைக் காட்டினார். தனி ஆய்வகம், நல்ல பெயர் உள்ள ஆய்வகம். பாறை மாதிரியை எடுத்தது யார், பையைக் கட்டியது யார், ஆய்வகம் வரை கொண்டுபோனது யார் என்று கேட்டேன். ‘அதெல்லாம் எதற்கு? சோதித்தது வெளியாள்தானே!’ என்றார்.

ஆய்வகம் தன்னிடம் வந்த பையில் என்ன இருக்கிறது என்று சொல்லும். அந்தப் பை பூமியிலிருந்து நேராக வந்ததா என்பதை அதனால் சொல்ல முடியாது.

கனடாவின் கால்கரி நகரைச் சேர்ந்த பிரீ-எக்ஸ் நிறுவனம் இந்தோனேசியாவின் போர்னியோக் காட்டில் உள்ள புசாங் என்ற இடத்தை 1993-இல் வாங்கியது. 1997 தொடக்கத்தில் அங்கே 7.1 கோடி அவுன்ஸ் தங்கம் இருப்பதாக அறிவித்தது. சில சென்ட்டுகளுக்கு விற்ற பங்கு ஏறி ஏறி, நிறுவனத்தின் சந்தை மதிப்பு 600 கோடி கனடா டாலரைத் தொட்டது. ஓய்வூதிய நிதிகள்கூட அதில் பணம் போட்டிருந்தன.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் 1997 மார்ச்சில் ஹெலிகாப்டரிலிருந்து விழுந்து இறந்த பிரீ-எக்ஸ் புவியியலாளரைப் பற்றியே பேசுகிறார்கள். முதலீட்டாளர் கவனிக்க வேண்டியது அதற்கு வெகு முன்பே கண்ணெதிரில் கிடந்தது. துளையிட்டு எடுக்கும் பாறை உருளையை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, ஒரு பாதியைச் சோதனைக்கு அனுப்பி, மறுபாதியைப் பெட்டியில் வைத்திருப்பதுதான் தொழில் வழக்கம். சந்தேகம் வந்தால் யாரும் அந்த மறுபாதியை எடுத்துச் சோதிக்கலாம். புசாங்கில் ஏறக்குறைய முழு உருளையையும் நொறுக்கினார்கள். தங்கம் சீராகப் பரவியிருக்கவில்லை, முழுவதையும் நொறுக்கினால்தான் சரியான அளவு தெரியும் என்று காரணம் சொன்னார்கள். கேட்டவர்கள் தலையாட்டினார்கள்.

காட்டுக்கும் ஆய்வகத்துக்கும் இடையில் அந்தப் பைகளில் தங்கத் துகள் கலக்கப்பட்டது. டன்னுக்கு 3 கிராம் என்று காட்ட எவ்வளவு வேண்டும்? கிலோவுக்கு 3 மில்லிகிராம். ஐந்து கிலோ பைக்கு 15 மில்லிகிராம், அதாவது ஒரு கடுகளவு. அந்தத் துகள்களின் விளிம்புகள், பாறையில் இருக்கும் தங்கத்தைப் போல் அல்லாமல், ஆற்று மணலில் அரித்தெடுக்கும் தங்கத்தைப் போல உருண்டு மழுங்கியிருந்தன.

இன்னொன்றையும் கேளுங்கள். ‘இரண்டாவது ஆய்வகமும் உறுதி செய்திருக்கிறது’ என்பார்கள். அதே பையிலிருந்து அள்ளிய தூளை இரண்டு ஆய்வகம் அல்ல, இருபது ஆய்வகம் சோதித்தாலும் அதே விடைதான் வரும். உண்மையை வெளியே கொண்டுவந்தது புதிய துளை. அங்கே கூட்டாளியாக வர இருந்த ஃபிரீபோர்ட்-மெக்மோரான் நிறுவனம், பழைய துளைகளின் முடிவைச் சரிபார்க்கத் தானே ஏழு துளைகள் போட்டது. சொல்லும்படியான தங்கம் இல்லை என்று 1997 மார்ச் 26 அன்று அறிவித்தது. மே மாதம் ஸ்ட்ராத்கோனா என்ற ஆலோசனை நிறுவனத்தின் அறிக்கையும் மாதிரிகளில் கலப்படம் நடந்ததை உறுதிப்படுத்தியது. பங்கு செல்லாக்காசானது.

இந்த அடிக்குப் பிறகு கனிமத் திட்டங்களைப் பற்றி நிறுவனங்கள் எப்படித் தகவல் வெளியிட வேண்டும் என்று சொல்லும் தேசிய விதி 43-101-ஐக் கனடா 2001-இல் கொண்டுவந்தது. அதன்படி எழுதப்படும் தொழில்நுட்ப அறிக்கையில், 11-ஆம் பிரிவு மாதிரிகளின் தயாரிப்பையும் பாதுகாப்பையும் சொல்லும். 12-ஆம் பிரிவு தரவு எப்படிச் சரிபார்க்கப்பட்டது என்று சொல்லும். அறிக்கையை அங்கிருந்து படிக்கத் தொடங்குங்கள். தங்கமே இல்லாத வெற்று மாதிரிகளையும் அளவு தெரிந்த மாதிரிகளையும் நடுவே செருகி அனுப்பினார்களா? அறிக்கை எழுதிய வல்லுநர் களத்துக்குப் போய்த் தன் கையால் மாதிரி எடுத்தாரா? இல்லை, நிறுவனம் கொடுத்த தரவை அப்படியே ஏற்றுக்கொண்டாரா?

‘எங்கள் தாதுவில் வழக்கமான சோதனை எடுபடாது’ என்பதை நம்புவது

ஈயத்தோடு உருக்கித் தங்கத்தைப் பிரித்து எடை பார்க்கும் உலைச் சோதனை பல நூற்றாண்டுகளாகத் தேறிய முறை. அரிசோனா, நெவாடா பாலைவன மண்ணில் தங்கமும் பிளாட்டினமும் இருப்பதாகவும், தங்கள் தனி முறையில்தான் அது தெரியும் என்றும் சொல்லிப் பல நிறுவனங்கள் பங்கு விற்றிருக்கின்றன. அந்த முறையை வெளியார் செய்து பார்த்தும் அதே அளவு வருகிறதா என்று கேளுங்கள். ‘ரகசியம்’ என்று பதில் வந்தால் வாங்காதீர்கள்.

பெரிய நிறுவனம் வந்துவிட்டதே என்று துணிவது

புசாங்குக்காகப் பெரிய நிறுவனங்கள் போட்டி போட்டன. வந்தார்களா என்று பார்க்காதீர்கள், துளை போட்டார்களா என்று பாருங்கள்.

நிறுவனத் தலைவரின் பேட்டியைக் கேட்டு முடிவெடுப்பது

வேண்டாம். ஒவ்வொரு துளையிலும் எத்தனை மீட்டருக்கு எவ்வளவு தங்கம் வந்தது என்று காட்டும் துளை அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள்.