சின்னங்கள் ஒன்று, கோடுகள் இரண்டு: கிராமப்புற நடை மற்றும் சைக்கிள் வழித்தடத்தை நாமே அமைத்தல்

பழைய பாலங்கள், நீராலைகள், காற்றாலைகள், மைல்கற்கள், இடிந்த கோட்டைகள் என்று ஊருக்கு வெளியே சிதறிக் கிடக்கும் சின்னங்களை ஒரு பகற்பொழுதில் சுற்றிவருவதற்கான வழித்தடத்தை அமைத்து, அதைக் கைப்பேசியில் ஏற்றிக்கொள்வது வரையிலான வேலையை இங்கே விளக்குகிறேன். நடப்பவருக்கும் சைக்கிளில் செல்பவருக்கும் ஒரே கோடு போதும் என்ற எண்ணத்துடன்தான் பலரும் தொடங்குகிறார்கள். என் கருத்தில், சின்னங்களின் பட்டியல் ஒன்றாகவும், அவற்றை இணைக்கும் கோடுகள் இரண்டாகவும் இருப்பதே சரி. செயலியை நிறுவுவதும் வரைபடத்தில் இடம் தேடுவதும் உங்களுக்குத் தெரியும் என்று கொண்டு மேலே செல்கிறேன்.

முதற்படி: சின்னங்களைத் திரட்டுதல்

2004-இல் தொடங்கப்பட்டுத் தன்னார்வலர்களால் வளர்க்கப்படும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடமே இதற்கு ஏற்ற மூலம். ஏனெனில் அதில் ஒவ்வொரு பொருளுக்கும் குறிச்சொற்கள் இணைக்கப்பட்டிருக்கின்றன. அந்த வரைபடத் தரவில் தேட உதவும் ஓவர்பாஸ் டர்போ என்னும் தளத்தில் ‘ஹிஸ்டாரிக்’ என்ற குறிச்சொல்லைக் கொடுத்துத் தேடினால், திரையில் தெரியும் பரப்புக்குள் இருக்கும் கோட்டைகள், இடிபாடுகள், மைல்கற்கள், வழியோரச் சிற்றாலயங்கள் போன்றவை புள்ளிகளாகத் தோன்றும். நீராலைகளும் காற்றாலைகளும் பெரும்பாலும் ‘மேன்-மேட்’ என்ற வேறொரு குறிச்சொல்லின்கீழ் இருப்பதால், அவற்றைத் தனியாகத் தேட வேண்டும். கிடைத்தவை அனைத்தையும் வழியில் சேர்க்கும் ஆசையைக் கட்டுப்படுத்துங்கள். நின்று பார்க்கத் தகுந்த ஐந்தாறு இடங்கள் ஒரு நாளுக்குத் தாராளம். தனியார் நிலத்துக்குள் இருப்பவற்றைச் சாலையிலிருந்து பார்க்க முடிந்தால் மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: யாருக்கு எங்கே அனுமதி

கோடுகள் இரண்டாகப் பிரிய வேண்டியதற்கு முதற்காரணம் இதுதான். இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம்: அங்கே ‘ஃபுட்பாத்’ என்று பதிவான பொதுவழி நடப்பவருக்கு மட்டுமே உரியது, குதிரைகளுக்கான ‘பிரைடில்வே’ வழிகளில் சைக்கிள் ஓட்டும் உரிமையை 1968-ஆம் ஆண்டுச் சட்டம் அளித்தது, ஆயினும் நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் சைக்கிள்காரர்தான் விலகி வழிவிட வேண்டும். எல்லைக்கு அப்பாலுள்ள ஸ்காட்லாந்திலோ, 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் பொறுப்புடன் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பெரும்பாலான நிலங்களில் உரிமை தருகிறது. ஆகவே, நீங்கள் போகும் நாட்டின் விதியை முதலில் படித்துவிட்டு, வரைபடத்தில் ‘பைசைக்கிள்’ என்ற குறிச்சொல் என்ன சொல்கிறது என்று பாருங்கள். அங்கே ‘டிஸ்மவுன்ட்’ என்று இருந்தால், இறங்கி உருட்டிச் செல்லலாம் என்பது பொருள்.

மூன்றாம் படி: புள்ளிகளை இணைத்தல்

இதற்கு நான் பரிந்துரைப்பது பி-ரவுட்டர் தளத்தை. பார்வைக்கு எளிமையான இந்தத் தளத்தில் கணக்குத் தொடங்காமலே வேலை செய்யலாம். நடைக்கும் சைக்கிளுக்கும் தனித்தனி அமைப்புகள் உண்டு. வழியில் எவ்வளவு தூரம் தார், எவ்வளவு சரளை, எவ்வளவு மண் என்பதையும் பிரித்துக் காட்டும். அழகிய படங்களுடன் வழிகளைப் பரிந்துரைக்கும் கட்டணச் செயலிகள் பிறர் சென்ற தடங்களைத் தேட உதவலாம், ஆனால் சொந்தமாக அமைக்கும்போது ஒவ்வொரு துண்டுச் சாலையின் தரத்தையும் கண்ணெதிரே காட்டும் கருவியே மேலானது.

சின்னத்தின் மீதே நேராகச் சொடுக்கி வழிப்புள்ளியை, அதாவது கோடு கடந்து செல்ல வேண்டிய புள்ளியை, வைக்கக் கூடாது. கோட்டையோ பண்ணை வீடோ வரைபடத்தில் ஒரு பரப்பாக இருக்கும். அதன் நடுவில் புள்ளியை வைத்தால், மென்பொருள் அதற்கு மிக அருகில் உள்ள பாதையைத் தேடி அங்கே ஒட்டிக்கொள்ளும். அந்தப் பாதை கோட்டையின் பின்புறச் சரிவிலோ, நீராலைக்கு எதிர்க்கரையிலோ இருந்தால், வரைபடத்தில் நெருக்கமாகத் தெரியும் சின்னத்தை நேரில் எட்டவே முடியாது. கோட்டில் ஓரிடத்தில் மட்டும் சிறிய வால்போல ஒரு பிரிவு போய்த் திரும்பி வருவதே இதன் அடையாளம். வழிப்புள்ளியை வாயிலுக்கு எதிரே உள்ள சாலையில் வைத்துவிட்டு, சின்னத்தைத் தனியான குறிப்புப் புள்ளியாகச் சேர்ப்பதே இதற்குத் தீர்வு. பழைய பாலங்களில் கூடுதல் கவனம் தேவை, ஏனெனில் புதிய பாலம் பக்கத்திலேயே இருந்தால் கோடு சத்தமில்லாமல் அதற்குத் தாவிவிடும்.

நடைக்கான கோட்டை முடித்ததும், அதே புள்ளிகளை வைத்துக்கொண்டு அமைப்பை மட்டும் சைக்கிளுக்கு மாற்றி, இரண்டும் எங்கே பிரிகின்றன என்று பாருங்கள். வயல்வழித் தடங்களுக்கு ‘கிரேடு’ 1 முதல் 5 வரை தரம் இடப்பட்டிருக்கும்; 1 கெட்டியான தளம், 5 மிகவும் மென்மையான மண் அல்லது புல்தரை. மெல்லிய டயர் உள்ளவர்கள் 2-க்கு மேல் போக வேண்டாம்.

நான்காம் படி: கோப்பாகச் சேமித்தல்

பெரும்பாலான குழப்பங்கள் பிறக்கும் இடம் இது என்பதால் சற்று நிதானமாகப் படியுங்கள். ஜிபிஎக்ஸ் என்னும் கோப்பு வடிவத்தில் மூன்று வகைப் பொருள்கள் இருக்க முடியும்: தனித்த இடங்களைக் குறிக்கும் ‘வேபாயின்ட்’, திரும்ப வேண்டிய சில புள்ளிகளை மட்டும் கொண்ட ‘ரூட்’, அடுத்தடுத்த நெருக்கமான புள்ளிகளால் ஆன ‘டிராக்’. ரூட் வகையைத் திறக்கும் பல கருவிகள், இடையிலுள்ள வழியைத் தாமே புதிதாகக் கணக்கிடுகின்றன. அதனால் ஆற்றங்கரையோரமாக நீங்கள் பொறுமையாகத் தேர்ந்தெடுத்த மண்பாதை போய், நெடுஞ்சாலை வந்து உட்கார்ந்துகொள்ளும். கோப்பில் பிழையில்லை, கருவியிலும் பழுதில்லை, ஆனால் வழி உங்களுடையது அன்று. டிராக் வகையில் கோடு வரைந்தபடியே நிற்கும். ஆகவே வழியை டிராக்காகவும் சின்னங்களை வேபாயின்ட்களாகவும் சேமியுங்கள். ஐயம் இருந்தால் கோப்பை எளிய உரைத் திருத்தியில் திறந்து, புள்ளிகளைச் சூழ்ந்திருப்பவை டி-ஆர்-கே எழுத்துகளா, ஆர்-டி-இ எழுத்துகளா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். ஏற்றிய பின்னும், செயலி ‘மறுகணக்கிடு’ என்று கேட்டால் மறுத்துவிடுங்கள்.

கைப்பேசியில் நான் பயன்படுத்துவது ஆஸ்மாண்ட் செயலியை. புறப்படும் முன் அப்பகுதியின் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டால் இணைப்பே இல்லாத இடத்திலும் வழி தெரியும்.

ஐந்தாம் படி: ஏற்றமும் நேரமும்

நடைநேரத்துக்கு 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறியான நெய்ஸ்மித் வகுத்த விதி இன்றும் உதவும்: மணிக்கு 5 கிலோமீட்டர், அத்துடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூடுதல். நின்று பார்க்கும் நேரம் இதில் அடங்காது. வழியின் ஏற்ற இறக்கங்களைக் காட்டும் படத்தை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். பல தளங்கள் பயன்படுத்தும் உயரத் தரவு, 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் மூலம் எடுக்கப்பட்டது. ஏறத்தாழ 30 மீட்டர் கட்டங்களாக அமைந்த அத்தரவில் குறுகிய பாலங்களும் சுரங்கங்களும் பதிவாவதில்லை. எனவே கைவிடப்பட்ட இரயில் பாதையில் உயர்ந்த பாலத்தைக் கடக்கும்போது படம் பள்ளத்தாக்கின் அடிக்கு இறங்கி ஏறும், சுரங்கத்தைக் கடக்கும்போது மலையுச்சிக்கே போய்வரும். உண்மையில் இரயில் பாதைகள் மென்சரிவானவை. புதியவர்களுக்கு அவற்றைவிட நல்ல சைக்கிள் வழி கிடையாது.

சுற்றுவழியை எத்திசையில் சுற்றுவது என்ற கேள்விக்கு, செங்குத்தான சரளைப் பகுதி ஏற்றமாக வரும் திசையைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். ஏற முடியாவிட்டால் உருட்டிக்கொண்டு போகலாம், இறக்கத்தில் சறுக்கினால் அதற்கு வழியில்லை.

பின்னர்ச் சேர்த்தவை

வாசகர்கள் கேட்ட இரண்டு ஐயங்களை இங்கே சேர்க்கிறேன். சின்னங்களின் பெயர்களைத் தமிழில் எழுதினால், தமிழ் எழுத்துரு இல்லாத, சைக்கிளில் பொருத்தும் வழிகாட்டிக் கருவிகளில் வெறும் கட்டங்களே தெரியும். அத்தகைய கருவிக்கு ஆங்கில எழுத்துகளில் பெயரிட்ட இன்னொரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றொன்று பகிர்தல் பற்றியது. வரைந்த கோட்டைப் பகிர்வதில் சிக்கலில்லை. பயணத்தின்போது பதிவுசெய்த தடத்தில் மட்டும் ஒவ்வொரு புள்ளிக்கும் நேரம் பதிந்திருக்கும், வீட்டு வாசலிலிருந்தே பதிவைத் தொடங்கியிருந்தால் வீடும் தெரியும். எனவே அதைப் பிறருக்கு அனுப்பும் முன் தொடக்கத்தையும் முடிவையும் சில நூறு மீட்டர் வெட்டி, நேரக் குறிப்புகளையும் நீக்கிவிடுங்கள்.