ஃப்ரீமேசன் லாட்ஜில் சேர்வதும், வேறு லாட்ஜுக்கு விருந்தாளியாகப் போவதும்

ஃப்ரீமேசன்ரி என்பது சடங்குகளோடு இயங்கும் பழைய சகோதரத்துவ அமைப்பு; அதன் உள்ளூர்க் கிளைதான் லாட்ஜ். இதில் சேரச் சொல்லி யாரும் உங்களை வற்புறுத்த மாட்டார்கள். நீங்களாகத்தான் கேட்க வேண்டும். ‘சேர்ந்தால் பணம் கொட்டும், கட்டணத்தை உடனே அனுப்புங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் மோசடி. பதில்கூடப் போடாதீர்கள்.

1. எந்த கிராண்ட் லாட்ஜ்?
அவசரத்தில் பலர் தாண்டிவிடும் படி இது. ஒவ்வொரு லாட்ஜும் ஏதாவது ஒரு கிராண்ட் லாட்ஜின், அதாவது தலைமை அமைப்பின் கீழ் இயங்கும். எல்லா கிராண்ட் லாட்ஜுகளும் ஒன்றையொன்று அங்கீகரிப்பதில்லை. பிரான்ஸின் தலைமை அமைப்புகளில் ஒன்றான கிராண்ட் ஓரியண்ட் 1877இல் ‘கடவுள் நம்பிக்கை கட்டாயம்’ என்ற விதியை நீக்கியது. இங்கிலாந்தின் கிராண்ட் லாட்ஜ் அதோடு உறவை முறித்துக்கொண்டது. அந்தப் பிளவு இன்னும் ஆறவில்லை. தப்பான பக்கம் சேர்ந்தால், நாளைக்கு வேறு ஊர் லாட்ஜின் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். அதனால் கிராண்ட் லாட்ஜின் அதிகாரபூர்வ இணையதளத்தில் தேடி, அங்கிருந்தே உள்ளூர் லாட்ஜின் செயலாளருக்கு எழுதுங்கள்.

2. தகுதி
வயது 18 அல்லது 21, இடத்தைப் பொறுத்து. இங்கிலாந்து வழி லாட்ஜுகளில், எந்த மதமானாலும் சரி, ஒரு பரம்பொருளில் நம்பிக்கை வேண்டும். அங்கே ஆண்கள் மட்டுமே. பெண்களுக்குத் தனி அமைப்புகளும், இருபாலரும் சேரும் அமைப்புகளும் உண்டு. கத்தோலிக்கர்கள் கவனிக்க: உறுப்பினராகக் கூடாது என்று 1983இல் வத்திக்கான் மறுபடியும் உறுதிசெய்தது.

3. விண்ணப்பம், வாக்கெடுப்பு
முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் தேவை. யாரையும் தெரியாதா? லாட்ஜில் நாலு பேரோடு பழகுங்கள், தானாக அமையும். நேர்காணலில் ‘ஏன் சேர விரும்புகிறீர்கள்?’ என்று கட்டாயம் கேட்பார்கள். தொழிலுக்கு ஆள் பிடிக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் அப்போதே திரும்பிவிடுவது உத்தமம். நீங்களும் சந்தா, ஏப்ரன் (சடங்கில் இடுப்பில் கட்டும் மேலாடை), விருந்து எல்லாம் சேர்த்து வருடத்துக்கு எவ்வளவு ஆகும் என்று கூச்சமில்லாமல் கேளுங்கள். பிறகு ரகசிய வாக்கெடுப்பு: வெள்ளை உருண்டை என்றால் சம்மதம், கறுப்பு என்றால் மறுப்பு. சில லாட்ஜுகளில் ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலே கதை முடிந்தது.

4. மூன்று படிநிலைகள்
பயிலுநர், சக தொழிலாளி, தலைமைக் கொத்தர். ஒவ்வொன்றுக்கும் தனிச் சடங்கு. அதில் என்ன நடக்கும் என்று இணையத்தில் துருவாமல் போனால்தான் ரசிக்க முடியும்.

5. வேறு லாட்ஜுக்குப் போகும்போது
முன்கூட்டியே செயலாளருக்குத் தகவல் சொல்லுங்கள். சாப்பாட்டுக்குத் தலை எண்ணுவார்கள். சந்தா கட்டிய அட்டை அல்லது கிராண்ட் லாட்ஜ் சான்றிதழ், ஏப்ரன், அடர்நிற சூட் இவை போதும். வாசலில் வாளோடு நிற்பவர் டைலர், அதாவது லாட்ஜின் வாசல் காவலர். அவரிடம் உள்ள பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். உங்களை அறிந்தவர் அங்கே யாரும் இல்லையென்றால், தனி அறையில் சிலர் கேள்வி கேட்டுச் சோதிப்பார்கள். கோபப்படாதீர்கள், அது அவர்கள் கடமை. நீங்கள் பயிலுநர் மட்டுமே என்றால், லாட்ஜ் அடுத்த படிநிலைக்கு மாறும்போது வெளியே வந்துவிட வேண்டும்.

உள்ளே மதமும் அரசியலும் பேசக் கூடாது. விருந்தில் பல இடங்களில் விருந்தாளிகளை வாழ்த்துவார்கள். யாராவது எழுந்து நன்றி சொல்ல வேண்டும். அது உங்கள் தலையில் விழுந்தால் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள்.