தீசியஸ் கதையைச் சிறுவர்களுக்கான சித்திரக்கதையாக்குவது எப்படி?

கிரேக்கப் புராணங்களைச் சிறுவர்களுக்குச் சித்திரக்கதையாகத் தர விரும்புவோர் பலர், தெய்வங்களின் அரசன் ஸியூஸின் பிறப்பில் தொடங்கி 12 ஒலிம்பியத் தெய்வங்களையும் வரிசையாக அறிமுகப்படுத்த முனைகிறார்கள். பெயர்கள் பெருகப் பெருகக் குழந்தைக்குக் கதை மறந்துபோகிறது. ஆகவே ஒரே கதையை எடுத்துக்கொண்டு, 24 பக்கங்களுக்குள் அதை முழுமையாகச் சொல்லத் திட்டமிடுங்கள். முதல் முயற்சிக்கு, மனித உடலும் காளைத் தலையும் கொண்ட மினோட்டாரைக் கொல்லும் ஏதென்ஸ் இளவரசன் தீசியஸின் கதையே ஏற்றது என்பேன். மினோட்டாருக்கு இரையாக ஏதென்ஸ் நகரம் கிரீட் தீவுக்கு அனுப்பவேண்டிய 7 இளைஞர்களும் 7 இளம்பெண்களும், அவனை அடைத்துவைக்கக் கைவினைஞன் டெடலஸ் கட்டிய புதிர்வழி மாளிகை, அதிலிருந்து வழி கண்டு திரும்பக் கிரீட் இளவரசி அரியாட்னி கொடுத்த நூல்கண்டு, கப்பலின் கறுப்புப் பாய் என இக்கதையின் திருப்பங்கள் எல்லாமே கண்ணுக்குத் தெரியும் பொருள்களைப் பற்றிக்கொண்டு நடக்கின்றன.

எழுதும் முன், எந்த வடிவத்தைச் சொல்லப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். தீசியஸுடன் கப்பலேறிய அரியாட்னியின் கதி குறித்து ஒன்றுக்கொன்று முரணான செய்திகளைப் பண்டைக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் பதிவு செய்திருக்கிறார். தீசியஸ் வேறொருத்தியை விரும்பி அரியாட்னியை நாக்சோஸ் தீவில் கைவிட்டான் என்பது ஒன்று. புயலில் சைப்ரஸ் கரையில் அவளை இறக்கிவிட்டுக் கப்பலைக் காக்கப் போனவனைக் கடல் அடித்துக்கொண்டு போயிற்று என்பது இன்னொன்று. நாயகனின் பெயர் கெடாமல் இருக்கவேண்டும் என்பதற்காக மட்டும் இரண்டாவதைத் தேர்ந்துவிடாதீர்கள். நாக்சோஸ் கரையில் கண்விழிக்கும் பெண்ணையும் தொலைவில் சிறுத்துப்போகும் கப்பலையும் ஒரே கட்டத்தில் வரைந்தால், அந்த அநீதியைக் குழந்தைகள் தாமாகவே உணர்ந்துகொள்வார்கள்.

வரைபவர் முதலில் பார்க்கவேண்டியவை பழைய கிரேக்கச் சாடிகளும் கிண்ணங்களும்தான். வாத்திக்கன் அருங்காட்சியகத்தில் உள்ள, கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த குயவரும் ஓவியருமான எக்செகியாஸின் சாடியில், ட்ராய் போரின் வீரர்களான அக்கிலீஸும் அயாக்ஸும் பலகையாட்டத்தில் குனிந்திருக்கிறார்கள். ஒருவர் வாயருகே ‘நான்கு’ என்றும் மற்றவர் வாயருகே ‘மூன்று’ என்றும் கிரேக்கத்தில் எழுதியிருக்கிறது. பேச்சுக் குமிழியின் வேலையை அந்த எழுத்துகள் அன்றே செய்திருக்கின்றன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு கிண்ணத்தின் நடுவில் தீசியஸ் மினோட்டாரை வெளியே இழுத்துவருகிறான்; அவனுடைய மற்ற வீரச்செயல்கள் அதைச் சுற்றி வட்டமாகத் தொடர்கின்றன. கட்டக் கோடுகள் இல்லாமலேயே ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப வரைந்து கதை சொல்லும் இந்த முறையை, குறைந்தது ஒரு முழுப்பக்கத்திலாவது கையாண்டு பாருங்கள்.

நூலைச் சிவப்பாக வரையுங்கள். அரியாட்னி அதைக் கொடுக்கும் கட்டத்தில் தொடங்கும் கோடு, கட்டங்களுக்கு இடையிலுள்ள வெள்ளை இடைவெளிகளையும் கடந்து பக்கம் பக்கமாக ஓடட்டும். மாளிகைக்குள் போகப் போகக் கட்டங்கள் குறுகவேண்டும். வண்ணங்கள் ஒவ்வொன்றாக மறைந்து சிவப்பு மட்டும் எஞ்சவேண்டும். மினோட்டாரின் முழு உருவத்தை வலப்பக்கத்தில் காட்டிவிடாமல், தாளைப் புரட்டியதும் தெரியும் இடப்பக்கத்தில் வையுங்கள்.

மரணத்தை மறைக்கவேண்டியதில்லை; இரத்தத்தில் கண்ணை நிறுத்தவும் வேண்டியதில்லை. சண்டையைச் சுவரில் விழும் நிழலாகவும், விறைத்து நிற்கும் நூலாகவும் சொல்லலாம். வென்று திரும்பினால் ஏற்றுவதாகச் சொன்ன வெள்ளைப் பாயைத் தீசியஸ் ஏற்ற மறந்ததால், மகன் இறந்தான் என்று எண்ணிய தந்தை ஈஜியஸ் உயிரை விடும் பக்கத்திற்கு இரண்டே கட்டங்கள் போதும். முதலாவதில் பாறைமேல் கிழவரும் அடிவானத்தில் கறுப்புப் புள்ளியும். அடுத்ததில் அதே பாறை, ஆள் இல்லை. அங்கே ஒரு சொல்லும் எழுதாதீர்கள்.

என் கரட்டுப் படங்களைப் பார்த்த எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, “இவனுக்குப் பேரே கிடையாதா?” என்று மினோட்டாரைக் காட்டிக் கேட்டாள். உண்டு; அஸ்தீரியஸ் என்பது அவன் பெயர். தாய் பாசிஃபேயின் மடியில் குழந்தை மினோட்டார் உட்கார்ந்திருக்கும் பழைய கிண்ணமொன்று பாரிஸில் இருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பிறகு அவன் கண்களை நான் புதிதாக வரைந்தேன், ஏனெனில் அதுவரை அவனுக்குப் பற்களை மட்டுமே கவனமாக வரைந்திருந்தேன்.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால், குமிழிக்குள் 10, 12 சொற்களுக்கு மேல் போகவேண்டாம். வசனத்தை எழுதிவிட்டு அதற்கேற்பக் கட்டத்தின் அளவைத் தீர்மானியுங்கள். அயற்பெயர்களை எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைக்காக, ஒரு பெயருக்கு ஒரே எழுத்துமுறையைக் கடைசிப் பக்கம்வரை மாற்றாமல் வையுங்கள். ஸியூஸை நம் இந்திரன் போன்றவர் என்று விளக்குவது எளிது, ஆனால் இருவருடைய கதைகளும் அதனால் குழம்பிப்போகும்.

அச்சுக்கு அனுப்பும் முன், குமிழிகள் எல்லாவற்றையும் நீக்கிய படியொன்றை, கதை தெரியாத ஒரு குழந்தையிடம் கொடுத்துச் சொல்லச் சொல்லுங்கள். எந்தக் கட்டத்தில் அவள் தயங்கித் திரும்பப் புரட்டுகிறாளோ, அந்தக் கட்டத்தை மீண்டும் வரையுங்கள்.