சர்க்கரை வந்தவர்கள் பல் விஷயத்தில் செய்யும் தவறுகள்

சர்க்கரை என்று புதிதாகத் தெரிந்ததும் சோற்றைக் குறைக்கிறார்கள், காலையில் நடக்கிறார்கள், காலில் புண் வராமல் பார்த்துக்கொள்கிறார்கள். வாயைத்தான் கணக்கில் எடுப்பதில்லை. பல் மருத்துவராக இதை வாரம் தவறாமல் பார்க்கிறேன். அப்பா எந்தத் தவறால் பல்லை இழந்தாரோ, மகனும் அதையே செய்துவிட்டு வந்து உட்காருகிறார். இரவிலும் பல் துலக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

“க்ளீன் செய்தால் பல் ஆடிவிடும்”

எனக்கு இன்னமும் கோபம் வரவைப்பது இந்தப் பேச்சுதான். மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர் வந்தார். மூன்று மாதச் சர்க்கரை அளவு (HbA1c என்ற ரத்தப் பரிசோதனை) 9 சதவீதத்தைத் தாண்டியிருந்தது, மாத்திரை மாற்றியும் இறங்கவில்லை. கீழ் முன்பற்களின் உட்பக்கம் காரை, அதாவது பல்லில் கல்லாக இறுகிய அழுக்கு, பழுப்பாக ஒரே பட்டையாக ஓடியிருந்தது. எது எந்தப் பல் என்றே தெரியவில்லை. எச்சில் சுரப்பி திறக்கும் இடம் அது. எச்சிலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து, பல்லில் படிந்த அழுக்கை அங்கேதான் சீக்கிரம் கல்லாக்கும். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே ஆழம் பார்க்கும் அளவுக் கம்பியை விட்டேன். 3 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டியது 7 வரை இறங்கியது, கூடவே ரத்தமும் சீழும். “வலியெல்லாம் ஒண்ணுமில்லையே டாக்டர்” என்றார். ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காது. இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்றேன். “எங்க மச்சானுக்கு க்ளீன் பண்ணதும் பல்லு ஆடிருச்சு. வேணாம்னுட்டாங்க.”

மச்சானின் பல் க்ளீனிங்கால் ஆடவில்லை. பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு அதற்கு முன்பே பல வருடங்களாகக் கரைந்திருக்கும். பழைய சுவரில் முளைத்த அரசங்கன்று விரிசலைப் பெரிதாக்கிக்கொண்டே கல்லைப் பிடித்தும் வைத்திருக்குமே, காரையும் அப்படித்தான். அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. வீக்கம் வற்றி ஈறு சுருங்குவதால் பல்லுக்கு நடுவே சந்து தெரியும், சில நாள் கூச்சமும் இருக்கும். பழி க்ளீன் செய்யும் மெஷின்மேல் விழுகிறது. அந்த மெஷின் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே அதிர்ந்து காரையை உதிர்க்கிறது, அவ்வளவுதான், பல்லைச் சீவுவதில்லை. கரைந்த எலும்போ தானாகத் திரும்ப வளராது.

நஷ்டம் பல்லோடு நிற்பதுமில்லை. எல்லாப் பல்லையும் சுற்றி அந்த ஆழத்துக்குப் புண் இருக்கிறது என்றால், அதிலிருந்து கிளம்பும் அழற்சிப் பொருட்கள் ரத்தத்தில் கலந்து இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. சர்க்கரை ஏறினால் ஈறு ஆறாது, ஈறு ஆறாவிட்டால் சர்க்கரை இறங்காது. ஈறுக்கு அடியில் ஆழமாகச் சுத்தம் செய்தவர்களுக்கு 3, 4 மாதங்களில் மூன்று மாதச் சர்க்கரை அளவு சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி போலக் குறைகிறது என்று, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் காக்ரேன் என்ற மருத்துவ அமைப்பு 2022-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு சொல்கிறது. கடைக்காரருக்கு 2 பல்லைக் காப்பாற்ற முடியவில்லை. மற்றவை நிற்கின்றன, 3 மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டிவிட்டுப் போகிறார்.

ரத்தம் வருகிறதென்று அந்த இடத்தில் பிரஷ் படாமல் விடுவது

விட்டால் அழுக்கு சேரும், ரத்தம் இன்னும் வரும். மென்மையான பிரஷ்ஷால் அந்த இடத்தைத்தான் கவனமாகத் துலக்க வேண்டும். இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால் வந்து காட்டுங்கள். அப்புறம், சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஈறு கெட்டிருந்தாலும் ரத்தம் அதிகம் வராது. அதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

வீக்கத்துக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்குவது

வலி போய்விடும், சீழ் அங்கேயே இருக்கும். கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஆரம்பித்த வீக்கம் தாடைக்கு அடியில் இறங்கி, வாய் திறக்க முடியாமல், எச்சில் விழுங்க முடியாமல் போனால் நடு இரவானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்ளும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு இது வேகமாகப் பரவும்.

கிராம்புத் தைலப் பஞ்சை வைத்துக்கொண்டு தூங்குவது

ஈறு வெந்துவிடும்.

பல் எடுப்பதற்காக, ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரையை நீங்களே நிறுத்துவது

கூடவே கூடாது. இதய மருத்துவரைக் கேளுங்கள்.

பல் எடுக்க வெறும் வயிற்றோடு வருவது

மரத்துப்போக ஊசி போட்டுப் பல் எடுப்பதற்குப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வருபவர்களுக்கு நாற்காலியிலேயே வியர்த்து, கை நடுங்கி, மயக்கம் வந்துவிடுகிறது. காலைச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டு வாருங்கள். மாத்திரைச் சீட்டும் கடைசியாக எடுத்த சர்க்கரை ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும்.